காஸ்மாலஜி படித்த மணப்பெண்

இராஜபாளையத்தில் ஓர் உரக்கடைக்கு மேலே, மாடியில் என் பியூட்டி பார்லர் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மதுரைக்குப் போய்வந்து இந்தப் படிப்பைப் படித்தேன். சர்டிபிகேட்டில் ஆங்கிலத்தில் காஸ்மெட்டாலஜி என்று சரியாகத்தான் போட்டிருக்கிறது. ஃப்ளெக்ஸ் அடிக்கப் போன இடத்தில் நான் வாயால் சொன்னதைக் கேட்டு அந்தத் தம்பி தமிழில் தட்டினான். ‘டிப்ளமோ இன் காஸ்மாலஜி’ என்று வந்தது. படத்திலிருந்த பெண்ணுக்குக் கன்னம் ரொம்பச் சிவந்துவிட்டதே என்று அதைத்தான் நான் குறைசொல்லி மாற்றச் சொன்னேன். எழுத்தைக் கவனிக்கவில்லை.

போர்டு ஏறிய பிறகு எனக்கும் அதுவே வாய்க்குப் பழகிவிட்டது. நீளமான சொல்லைவிட இது சொல்லச் சுலபம். என்ன படித்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் காஸ்மாலஜி என்பேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். செட்டியார்பட்டியில் என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். ஸ்பின்னிங் மில்லில் வேலைபார்க்கும் என் வீட்டுக்காரர் மட்டும், “காஸ்னு ஆரம்பிக்குதே, காயத்துக்குக் கட்டுற காஸ் துணியப் பத்தின படிப்போ?” என்று கேலி செய்வார்.

போன சித்திரையில் ஒருநாள் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் அம்மா படியேறி வந்தார். அறுபது வயதை ஒட்டியிருக்கும். வெயிலில் வந்த களைப்பு இருந்தாலும் உட்காரவில்லை. நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தார், தலை கழுவும் பேசினைத் தொட்டுப் பார்த்தார், ஆவி பிடிக்கும் மெஷின் எங்கே வாங்கியது என்று கேட்டார். வேறு யாரோ போட்டிக்குக் கடை திறக்கப்போகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு பேண்டேஜ் துணி வியாபாரம். தறிக்காரர்களிடமிருந்து துணி வாங்கி, குறை பார்த்து, வெட்டிச் சுருட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது. வீட்டுக்காரர் இறந்த பிறகும் விடாமல் நடத்தி, ஒரே மகனைப் படிக்கவைத்திருக்கிறார். மகனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வைகாசியில் கல்யாணம். பெண் எங்கள் ஊர்தான், இராஜபாளையம்.

“என் மருமவளும் ஒன்னைய மாதிரி காஸ்மாலஜிதான். ஆனா அவ டாக்டர் பட்டத்துக்குப் படிக்கா” என்றார்.

எனக்கு மலைப்பாக இருந்தது. இந்தப் படிப்பில் டாக்டர் பட்டம்வரை போகலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வருஷக்கணக்காக உட்கார்ந்து எதை ஆராய்ச்சி செய்வார்கள்? தோலின் நிறத்தையா, பருவையா, முடி ஏன் கொட்டுகிறது என்பதையா? அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. படிப்பு முடிந்ததும் மகன் வீட்டிலிருந்தே வேலைபார்க்கலாம், மருமகள் ஊரிலேயே பார்லர் வைக்கலாம் என்பது அவர் திட்டம். அதற்காகத் தேரடிப் பக்கம் ஒரு கடையைப் பிடித்தும் வைத்துவிட்டார். சுற்றிலும் பால்கோவாக் கடைகள், நடுவில் மருமகளின் பார்லர். சொல்லும்போதே அவர் முகத்தில் அந்தக் கடை தெரிந்தது.

கல்யாண மேக்கப்புக்கும் என்னையே பார்க்கலாம் என்றும், அதற்கு முன்னால் பெண்ணை அனுப்புவதாகவும் சொன்னார். தொழில் தெரிந்தவள், அவள் என் கைவேலையைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் போதும் என்றார்.

அந்த வாரம் முழுவதும் எனக்குப் பரீட்சைக்குப் போவதுபோல் இருந்தது. திரைச்சீலையைத் துவைத்துப் போட்டேன். கத்தரிக்கோல், பிளக்கர் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு எடுத்தேன். மூடி உடைந்த டப்பாக்களைத் ஃபேஷியல் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மதுரையில் கொடுத்த பாடப் புத்தகத்தை எடுத்துத் தோலின் அடுக்குகளை மறுபடி படித்தேன்.

அந்தப் பெண் வந்தபோது நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். எதிர்ச்சாரியில் ஆட்டோவிலிருந்து இறங்கி, என் போர்டைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு போனை எடுத்துப் போர்டைப் படம் பிடித்தாள். சிரித்தாள். மறுபடி ஒரு படம். 

மேலே வந்தவளைப் பார்த்ததும் இன்னொரு குழப்பம். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஒற்றைச் சடை. சாதாரணச் சுரிதார். புருவத்தில் நூல் பட்ட அடையாளமே இல்லை. அழகுக்கலையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள் இப்படியா இருப்பாள்? ஒருவேளை இயற்கை முறையில் ஆராய்ச்சியோ என்று சமாதானம் செய்துகொண்டு, நீங்கள் ஆராய்ச்சி செய்வது பருவா, கன்னத்தில் விழும் மங்கா என்று பவ்யமாகக் கேட்டேன்.

அவள் விழித்தாள். பிறகு என் சர்டிபிகேட்டைச் சுவரில் பார்த்தாள். கிட்டே போய்ப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

“அக்கா, நீங்க படிச்சது காஸ்மெட்டாலஜி. போர்டுல நடுவுல இருக்குற ‘மெட்டா’வ விட்டுட்டு ‘மா’ போட்டுட்டாங்க. அதனால அது நான் படிக்கிற படிப்பாயிருச்சு.”

முகம் சுட்டது எனக்கு. அவள் கேலி செய்யவில்லை. இதைப்போலத் தனக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறது என்றாள். பேங்கில் ஒரு அம்மா இவள் படிப்பைக் கேட்டுவிட்டு, உதட்டு வெடிப்புக்கு என்ன போடலாம் என்று கேட்டாராம். இவளும் அவரைச் சும்மா அனுப்ப வேண்டாமென்று நெய் தடவச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அப்படியென்றால் உங்கள் காஸ்மாலஜி என்ன என்று கேட்டேன். நட்சத்திரம் பார்ப்பதா? இல்லை, ஒவ்வொரு நட்சத்திரமாக, கிரகமாகப் பார்ப்பது வானியல் என்றாள். ஜோசியமா என்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று வேகமாகச் சொன்னாள். அந்தக் கேள்வியை மட்டும் நிறையப் பேர் கேட்டிருக்க வேண்டும்.

“நாங்க எல்லாத்தையும் சேத்து ஒண்ணா வச்சுப் பாக்கிறோம் அக்கா. மொத்தம் எப்படித் தொடங்குச்சு, இப்ப எப்படி இருக்கு, இனி எங்க போகும்னு.”

“மொத்தம்னா?”

“மொத்தம்தான். எதையும் வெளிய விடாம.”

கையில் பருத்திப் பஞ்சோடு நான் அப்படியே நின்றேன். மொத்தம் என்ற சொல்லைத் தினமும் சொல்கிறேன். மொத்தம் எவ்வளவு, மொத்தப் பேர் எத்தனை என்று. அந்தச் சொல்லுக்குள் கீழேயிருக்கும் உரக்கடை, பின்னாலிருக்கும் மலை, மதுரை, வானம், நான் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். போட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மாவின் ஞாபகம் வந்தது. தேரடிக் கடை ஞாபகம் வந்தது. இதை நான் சொல்வதா, அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று விடுவதா என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன். கல்யாணம் முடிந்து கடையின் சாவியைக் கையில் கொடுக்கும்போது இந்தப் பெண்ணுக்குத் தெரிவதைவிட இப்போதே தெரியட்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “‘கடை பாத்தாச்சு’ன்னு அத்தை போன்ல சொன்னாங்க. துணி எடுக்கக் கடை பாத்திருக்காங்கன்னு நெனச்சு, ரொம்ப சந்தோஷம்னு சொல்லிட்டேன் அக்கா.”

அங்கேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அவர் முதலில் சிரித்தது எனக்கே கேட்டது. பிறகு, அம்மாவிடம் தான் தெளிவாகச் சொன்னதாகவும், பெண் யுனிவர்ஸைப் பற்றிப் படிக்கிறாள் என்றே சொன்னதாகவும் சொன்னார். அம்மா அதை யுனிவர்சிட்டியில் படிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். யுனிவர்சிட்டியில் என்ன படிக்கிறாள் என்று சம்பந்தம் கொண்டுவந்த பெரியவரிடம் கேட்டபோது, அவர் காஸ்மாலஜி என்றிருக்கிறார். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர் கண்ணில் பட்ட என் போர்டு அதற்கு ஏற்கெனவே அர்த்தம் சொல்லிவிட்டிருந்தது. தானே அம்மாவிடம் பேசிவிடுகிறேன் என்றார் மாப்பிள்ளை. இவள் வேண்டாம் என்றாள். தன் படிப்பைத் தானே சொல்வதாகச் சொல்லி, ட்ரையல் மேக்கப் அன்றைக்கு அத்தையையும் இங்கே வரச்சொன்னாள்.

அந்த அம்மா பால்கோவாவோடு வந்தார். நான் பெண்ணின் முகத்தில் காஸ் துணியை விரித்து அதன்மேல் பழ பேக் போட்டிருந்தேன். பேக் காயும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அந்த அம்மா அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். கடையில் கண்ணாடி கிழக்குச் சுவரில் வரட்டும், தண்ணீர்த் தொட்டிக்கு ஆள் சொல்லியாயிற்று, கூடமாட வேலைக்கு இரண்டு பெண்களிடம் பேசியாயிற்று. கண்மேல் வெள்ளரித் துண்டோடு படுத்திருந்தவளின் கைவிரல்கள் நாற்காலிக் கையை இறுக்குவதை நான் பார்த்தேன்.

அவள் தானே எழுந்து உட்கார்ந்து பேக்கை உரித்தாள்.

“அத்தை, எனக்கு ஒரு புருவம்கூட எடுக்கத் தெரியாது.”

பெரிய படிப்புப் படித்தவர்கள் கையால் செய்யமாட்டார்கள், அதற்குத்தான் ஆள் போட்டிருக்கிறேன் என்றார் அந்த அம்மா. அவள் பாதி கழுவிய முகத்தோடு எழுந்து அவருக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள். இரண்டு சொற்கள், இரண்டு படிப்புகள் என்றாள். என் போர்டு தவறானது என்று நானும் இடையில் சொன்னேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வானம் என்றால் தலைக்கு மேலே இருப்பது, அதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார்.

பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். என் மேஜைமேலிருந்த காஸ் துணி ரோலிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

நம் சூரியனைப்போலக் கோடிக்கணக்கில் சேர்ந்து ஒரு கூட்டம், அந்தமாதிரிக் கூட்டங்களே கணக்கில்லாமல் இருக்கின்றன, அவை கண்டபடி இறைந்து கிடக்கவில்லை என்றாள். ஏறக்குறைய இந்தத் துணியைப்போல இழை இழையாகச் சேர்ந்திருக்கின்றன. இழைகளுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள். இந்த நெசவு ஏன் இப்படி வந்தது என்பதைத்தான் தான் படிப்பதாகச் சொன்னாள்.

அந்த அம்மா கையை நீட்டித் துணியை வாங்கினார். வாங்கிய விதத்திலேயே அது அவர் தொழில் என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் விரலால் இழுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“இத யாரு நெய்தா?”

“யாருன்னு நாங்க கேக்கிறதில்ல அத்தை. எப்படின்னு கேக்கிறோம்.”

“கண்டுபிடிச்சாச்சா?”

“கொஞ்சம். பாதிக்கு மேல தெரியல.”

துணி நாளுக்கு நாள் இழுபட்டுக்கொண்டே போகிறது, ஓட்டைகள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன என்றும் அவள் சொன்னாள். அப்படியானால் இழை அறுந்துவிடாதா என்று கேட்டார் அந்த அம்மா. சில இடங்களில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும், மற்ற இடங்களில் விலகிப் போய்க்கொண்டே இருக்கும் என்று பதில் வந்தது. அந்த அம்மா துணியை நான்காக மடித்து மேஜையில் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வாரேன் என்று படியிறங்கிப் போய்விட்டார். பால்கோவாப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

“கோவமாப் போறாங்களாக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.  ஈரத் துணியை எடுத்து அவள் முகத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தைத் துடைத்துவிட்டேன்.

போர்டை அந்த வாரமே மாற்றச் சொன்னேன். ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி சிரித்துக்கொண்டே வந்து சரியான எழுத்தை மேலே ஒட்டிக் கொடுத்தான். ஆனால் அந்தப் பழைய சொல் என் மண்டையை விட்டுப் போகவில்லை. இரண்டு வருஷம் என் பேரோடு ஒட்டியிருந்த சொல் அல்லவா? இரண்டு சொற்களும் ஏன் இவ்வளவு ஒன்றுபோல இருக்கின்றன என்று அந்தப் பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டேன்.

நீளமாகப் பதில் வந்தது. இரண்டும் கிரேக்க மொழியின் ஒரே சொல்லிலிருந்து வந்தவையாம். காஸ்மாஸ் என்ற அந்தச் சொல்லுக்கு ஒழுங்காக அடுக்கி வைப்பது என்று அர்த்தம். அலங்காரம் என்றும் அர்த்தம். பிற்பாடு, இந்த உலகம் முழுவதும் ஓர் ஒழுங்கில் இருக்கிறது என்று நினைத்தவர்கள் அதற்கும் அந்தச் சொல்லையே வைத்துவிட்டார்கள். அலங்காரம் என்ற பக்கத்திலிருந்து என் படிப்பும், உலகம் என்ற பக்கத்திலிருந்து அவள் படிப்பும் வந்திருக்கின்றன.

இதை எனக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஃபேஷியலுக்கு வரும் தமிழ் டீச்சர் ஒருவர் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நம்மிடமும் அப்படி ஒரு சொல் இருக்கிறதே என்றார். அணி. அணி என்றால் நகை. அணி என்றால் வரிசையும்தான். பிள்ளைகளை அணியாக நில்லுங்கள் என்று காலையில் சொல்லிவிட்டு, வகுப்பில் அணிகலன் என்று பாடம் நடத்துவாராம். இத்தனை வருஷத்தில் இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை என்று எழுந்து உட்காரப் பார்த்தார். பேக் கெட்டுவிடும் என்று தோளைப் பிடித்து அழுத்திப் படுக்கவைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பெண்ணுக்குப் புடவை கட்டிவிடும்போது, மடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து ஊசி குத்திக்கொண்டே இதைத்தான் நினைத்தேன். நான் புதிதாக எதையும் கொண்டுவந்து ஒட்டுவதில்லை. இருக்கிறதை அதனதன் இடத்தில் வைக்கிறேன். வைத்தவுடன் அழகாக இருக்கிறது என்கிறார்கள்.

போனில் தேடிக்கொண்டிருந்தபோது இன்னொரு சந்தேகம் வந்தது. ஏதோ ஒரு மலைவாழ் மக்களின் காஸ்மாலஜி என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. மலையில் இருப்பவர்களும் இந்த ஆராய்ச்சி செய்கிறார்களா என்று கேட்டேன். அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு பயன்பாடு உண்டு என்றாள் அவள். ஒவ்வொரு கூட்டத்து மக்களுக்கும் உலகம் எப்படி வந்தது, மேலே என்ன, கீழே என்ன, செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு கணக்கு மனதில் இருக்கும். மனிதர்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் அந்தக் கணக்கையும் காஸ்மாலஜி என்பார்களாம். அளந்து பார்ப்பது இவளுடைய வேலை. கேட்டு எழுதிக்கொள்வது அவர்களுடைய வேலை.

அளக்க எனக்குத் தெரியாது. கேட்க முடியும். நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். வன்னியம்பட்டியிலிருந்து மகளுக்கு முடிவெட்ட வந்த அம்மா, “மேல மழை, கீழ கிணறு, நடுவுல நாங்க. அம்புட்டுதான்” என்று முடித்துவிட்டார். மில்லில் வேலைபார்க்கும் ஒரு பெண் மில்லையே வைத்துச் சொன்னாள். தான் வேலைக்குச் சேர்ந்தபோதே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தான் நின்ற பிறகும் ஓடும், முதலில் யார் சுவிட்சைப் போட்டார்கள் என்று மில்லில் யாரும் கேட்டதில்லை, உலகமும் அப்படித்தானோ என்றாள். சர்ச்சுக்குப் போகும் நர்ஸ் ஒருத்தி, ஆதியில் வெளிச்சம் உண்டானது என்றாள். ஆனால் சூரியன் அதற்குப் பிறகுதான் வருகிறது. சூரியன் இல்லாமல் அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதாகச் சொன்னாள். இதை நான் மணப்பெண்ணுக்கு அனுப்பினேன். நல்ல கேள்வி, சூரியன் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே புறப்பட்ட ஒரு பழைய வெளிச்சம் இன்றைக்கும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது, அந்தக் காலத்து டிவியில் சேனல் போனதும் புள்ளி புள்ளியாக இரையுமே, அதில் ஒரு துளி அந்த வெளிச்சம்தான் என்று பதில் எழுதினாள். நர்ஸிடம் காட்டினேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. பெண் வீட்டிலும் அதே பயம். மகன் போன் செய்தால், துணி லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த அம்மா வைத்துவிடுகிறாராம்.

ஒருநாள் காலையில், கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கும்போது அவரே வந்து நின்றார். இந்தத் தடவை உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

“தெரு பூராவும் சொல்லிவச்சிட்டேன்மா. மருமவ வரப்போறா, கடை வைக்கப்போறான்னு. இப்ப எந்த மொகத்த வச்சுக்கிட்டு இல்லைங்கிறது?”

அந்தப் பெண்மேல் கோபமா என்று கேட்டேன். அவள்மேல் என்ன கோபம், எனக்குப் புரிகிற மாதிரி ஒருத்தரும் முன்னாலேயே சொல்லவில்லையே என்றுதான் வருத்தம் என்றார். மகனுக்கு அம்மாவிடம் நின்று பேச நேரமில்லை. சம்பந்தம் கொண்டுவந்தவருக்கே அது என்னவென்று தெரியவில்லை. அவள் ஒருத்திதான் முகத்தைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்து சொன்னாள்.

பிறகு வேறொன்று சொன்னார். இத்தனை வருஷமாக அந்தத் துணியைக் குறை கண்டுபிடிப்பதற்காக மட்டுமே பார்த்திருக்கிறார். இழை விட்டுப்போயிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு பீஸைப் பிரித்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வேலைக்கு வந்த பெண்கள் என்ன குறை என்று கேட்டார்களாம்.

“ஒண்ணு கேக்கணும். அந்த ஓட்டைக்குள்ள ஒண்ணுமே இருக்காதா?”

எனக்கு எப்படித் தெரியும்? அங்கேயே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மறுமுனையில் மருமகள் அத்தையின் கேள்வியைக் கேட்டதும்,  ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆனால் சுத்தமாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது, அதில்தான் பெரிய சிக்கலே இருக்கிறது என்று ஆரம்பித்தாள். ஒரு வாடிக்கைக்காரப் பெண் வந்துவிட்டதால் நான் அந்தப் பக்கம் போனேன். இரண்டு புருவமும் எடுத்து முடித்து வந்து பார்த்தால் அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா போனைக் காதுக்கு வெகு அருகில் வைத்து, “சரி, பொறவு?” “சரி, பொறவு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போகும்போது, இந்தப் படிப்புக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டார். ஊரில் நாலு பேரிடம் சொல்ல வேண்டுமே. அந்தப் பெண் எனக்குச் சொல்லியிருந்தபடி அண்டவியல் என்று சொன்னேன். அடுத்த நாளே போன் வந்தது. அண்டவியல் என்று சொன்னால், அண்டா குண்டா வியாபாரமா என்று எதிர்வீட்டில் கேட்டுவிட்டார்களாம். பிரபஞ்சவியல் என்றும் சொல்வார்கள் என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, வாயில் நிற்கவில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. விடிந்ததும் என் பெட்டியோடு போய்விட்டேன். புருவத்தை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொன்னாள் பெண். விட்டுவிட்டேன். தலைக்குப் பூ வைத்து, சங்கிலிகளை ஒன்றுக்குக் கீழே ஒன்று வரும்படி நேராக்கிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். இந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் பரு, நீதான் படித்தவளாச்சே, ஏதாவது க்ரீம் சொல்லேன் என்று மணப்பெண்ணைக் கேட்டார்.

பின்னாலேயே தாம்பாளத்தோடு அந்த அம்மா வந்துவிட்டார். 

“மதினி, அவ அந்தப் படிப்பு இல்ல. வானம், பூமி, எல்லாத்தையும் சேத்து மொத்தமா எப்படி உண்டாச்சுன்னு படிக்கா. பருவுக்கு இந்தா இவ இருக்கா, இவகிட்டக் கேளுங்க.”

அந்த அத்தைக்கு ஒன்றும் ஓடவில்லை. மொத்தமாகவா என்றார். அதற்கு வேலை கிடைக்குமா என்றார்.

“அத அவ பாத்துக்கிடுவா. கேட்டுப் பாத்தேன், பெரிய கேள்விதான்” என்று தாம்பாளத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார் அந்த அம்மா.

மணப்பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். மை கலைந்துவிடும், அழக் கூடாது என்று கண்ணுக்கடியில் பஞ்சை வைத்தேன். பருவுக்கு அந்தச் சின்னப் பெண்ணிடம், தலையணை உறையை அடிக்கடி மாற்று என்று சொல்லி அனுப்பினேன்.

இருவரும் இப்போது பெங்களூரில் இருக்கிறார்கள். அவள் படிப்பு இன்னும் முடியவில்லை. தேரடிக் கடையில் மேட்சிங் பிளவுஸ் துணி விற்கிறார்கள். அந்த அம்மா மாதத்துக்கு ஒருமுறை தலைக்கு டை போட என்னிடம் வருகிறார். அங்கேயே பார்லர்கள் இருக்கின்றன, இருந்தாலும் பஸ் ஏறி இங்கே வருகிறார்.

போன மாதம் பெங்களூருக்குப் போய்வந்த கதையைச் சொன்னார். மருமகள் வேலைசெய்யும் இடத்தைக் காட்டச் சொல்லிப் போயிருக்கிறார். பெரிய குழாய் வைத்து வானத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் போனவருக்கு ஏமாற்றம். ஒரு குழாயைக்கூடக் காணோம். வரிசையாகக் கம்ப்யூட்டர், சுவர் முழுக்கக் கிறுக்கல். எங்கெங்கோ இருக்கும் குழாய்கள் பார்த்து அனுப்புவதை இவர்கள் இங்கே உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்களாம். அங்கே இருந்த பெரிய வாத்தியார் ஒருவர் வணக்கம் சொல்லி, ஏதாவது கேட்க வேண்டுமா அம்மா என்று தமிழில் கேட்டிருக்கிறார்.

“எல்லாம் தொடங்குறதுக்கு முந்தி என்ன இருந்துச்சுன்னு கேட்டேன். தெரியாதும்மான்னுட்டாரு. எம்புட்டுப் பெரிய எடம், நேராச் சொல்லுதாவ பாரு.”

முந்தி என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம் என்று வரும் வழியில் மருமகள் சொன்னாளாம். நேரமே அப்போதுதான் தொடங்கியிருந்தால், அதற்கு முந்தி என்று எப்படிக் கேட்பது? நான் டை பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு யோசித்தேன். முந்தி இல்லாத ஒன்றை மனதில் கொண்டுவர முடியவில்லை. அந்த அம்மாவும் தனக்கு முடியவில்லை என்றார். ரயிலில் படுத்துக்கொண்டு முயற்சி செய்து பார்த்து அப்படியே தூங்கிப்போனாராம்.

பெஞ்சில் காத்திருந்த பெண் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். நீங்கள் இரண்டு பேரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். டை ஊற இன்னும் நேரம் இருந்தது. அந்த அம்மா தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிவிடச் சொன்னார்.